செந்தூல் அன்னதானக் கூடத்துக்குச் செங்கல் வளைகூரை போட்ட அனுபவம்

செங்கல்லில் கூரை போடப்போகிறேன் என்று கோலாலம்பூரில் யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் கேள்வி, "கம்பி எத்தனை போடுவீங்க?" என்பதுதான். கண்ட்ராக்டரும் அதையே கேட்கிறார், கோயில் தலைவரும் அதையே கேட்கிறார், கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு வரும் தம்பி தங்கைகளும் அதையே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி வளைவு என்ன, அது சுவரை எவ்வளவு தள்ளும், அந்தத் தள்ளலை யார் பிடிப்பார்கள் என்பதுதான். இது மூன்றும் சரியாக இருந்தால் கம்பிக்குக் கொஞ்சம் வேலைதான் மிச்சம். செந்தூலில் ஒரு சின்னக் கோயிலுக்கு 6 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளத்தில் ஓர் அன்னதானக் கூடத்தை இப்படிச் செங்கல்லில் வளைத்து மூடினோம். வடிவமைப்பும் மேற்பார்வையும் என்னுடையது. கூரையின் தடிமன் செங்கல் 65 மி.மீ., மேலே சாந்து 30 மி.மீ., மொத்தம் 95 மி.மீ. அவ்வளவுதான். இதைச் செய்ய நினைக்கிற மற்றவர்களுக்கு உதவட்டும் என்று கற்றதை எழுதி வைக்கிறேன்.

ஏன் ஜிங்க் தகடு போடவில்லை என்று கேட்பார்கள். பழைய கொட்டகையில் ஜிங்க்தான் இருந்தது. மத்தியானம் சோறு போடும் நேரத்தில் உள்ளே அனல், சாயங்காலம் இடிமழை வந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. சமையல் செய்யும் அக்காக்கள்தான் கூட்டத்தில் எழுந்து இதைச் சொன்னார்கள். கான்கிரீட் தளம் போட்டால் கனம், செலவு, அடியில் முழுக்கப் பலகை. அப்போதுதான் நான் உருகுவே நாட்டு எலாடியோ தியெஸ்தே செய்த வேலையை எடுத்து வைத்தேன்.

தியெஸ்தே 1917இல் பிறந்து 2000இல் மறைந்த பொறியாளர். இரும்பும் சிமெண்டும் விலை கூடின நாட்டில், நல்ல செங்கல்லும் நல்ல கொத்தனாரும் இருக்கிறார்கள் என்பதை வைத்துக்கொண்டு, தானியக் கிடங்கு, சந்தை, பேருந்து நிலையம், தேவாலயம் என்று வாழ்நாள் முழுக்கச் செங்கல் வளைவாகவே கட்டினார். அத்லாந்திதாவில் அவர் கட்டிய தேவாலயம் 1960இல் முடிந்தது, 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதன் சுவர் தரையில் நேர்கோடாகத் தொடங்கி மேலே போகப் போக அலையாக மாறும். சுவரில் கீழிருந்து மேலே போகும் ஒவ்வொரு கோடும் நேர்கோடுதான், சாய்வு மட்டும் மாறுகிறது. அதனால் கொத்தனார் ஒரு நூலைக் கட்டியே அதைக் கட்டிவிட முடியும். எனக்கு அவரிடம் பிடித்ததே இதுதான்: பார்த்தால் சிக்கல், கட்டுகிறவன் கையில் எளிது.

நம் நாட்டிலும் வளைகூரை புதிதில்லை. சிரம்பானில் 1967இல் திறந்த மாநிலப் பள்ளிவாசலின் ஒன்பது கூம்பு வளைவுகளைப் பாருங்கள். ஆனால் அது கான்கிரீட். கான்கிரீட் ஊற்றும்போது அது தண்ணீர்போல், அடியில் தாங்கிப் பிடிக்கும் தற்காலிக அச்சு முழுப் பாரத்தையும் பல நாள் தாங்க வேண்டும். செங்கல்லோ ஏற்கனவே வெந்து இறுகிய பொருள். கூரையின் பெரும்பகுதி முதல் நாளே கெட்டி, இடையில் இருக்கும் இணைப்புச் சாந்து மட்டும் பலம் பிடித்தால் போதும். தியெஸ்தேயால் அச்சை ஒரு நாளிலேயே இறக்கி அடுத்த இடத்துக்கு நகர்த்த முடிந்தது இதனால்தான்.

சரி, வளைவுக்கு வருவோம். ஒரு சங்கிலியை இரண்டு ஆணியில் மாட்டித் தொங்கவிட்டால் அது தன் கனத்துக்கு ஏற்ற வடிவத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். அதில் இழுவை மட்டும்தான் இருக்கும். அதையே அப்படியே தலைகீழாகத் திருப்பினால் அழுத்தம் மட்டும்தான் இருக்கும். ராபர்ட் ஹூக் 1670களிலேயே சொன்ன விஷயம். செங்கல்லுக்கு அழுத்தம்தான் பிடிக்கும், எனவே கூரையின் குறுக்குவெட்டு சங்கிலி வளைவாக இருக்க வேண்டும்.

"வட்டத்தின் ஒரு துண்டு போட்டால் என்ன சார், காம்பஸ் வைத்து வரைந்துவிடலாமே" என்று கண்ட்ராக்டர் கேட்டார். நியாயமான கேள்விதான், கணக்குப் போட்டுக் காட்டினேன். 6 மீட்டர் ஸ்பேன் (சுவருக்குச் சுவர் தூரம்), 1.2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், கால் தூரத்தில் (சுவரிலிருந்து 1.5 மீட்டரில்) வட்டத்துக்கும் சங்கிலி வளைவுக்கும் 22 மி.மீ. வித்தியாசம் வருகிறது. கேட்க அற்பம். ஆனால் செங்கல்லின் தடிமனே 65 மி.மீ. அழுத்தக் கோடு, அதாவது பாரம் கூரைக்குள் இறங்கிப் போகும் பாதை, தடிமனின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும், அதாவது மையத்திலிருந்து மேலே 11, கீழே 11 மி.மீ. வரைதான் இடம். வட்டம் போட்டால் கூரை கட்டி முடித்த அன்றே வளைய ஆரம்பிக்கும், அப்புறம் அதைப் பிடிக்கக் கம்பி கூட்ட வேண்டும். வளைவைத் திருத்தினால் காசு செலவில்லை, கம்பியைக் கூட்டினால் செலவு.

கணினியில் வரைந்ததோடு நிற்காமல், பழைய கொட்டகைச் சுவரில் ஆறு மீட்டர் இடைவெளியில் ஆணி அடித்து உண்மையான சங்கிலியையே தொங்கவிட்டுப் பார்த்தோம். 1.2 மீட்டர் தொய்வுக்குச் சங்கிலி 6.60 மீட்டர் வேண்டும். சுண்ணாம்புக் கட்டியால் அதை வரைந்து, கணினி அச்சிட்ட காகிதத்தை மேலே ஒட்டியபோது இரண்டும் ஒன்றாக விழுந்தன. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்திருந்த மேஸ்திரி அண்ணன் அதுவரை ஒன்றும் பேசாமல் நின்றவர், கையைக் கட்டியபடி அந்தக் கோட்டையே பார்த்துவிட்டு, "இது தானா நிக்கும் தம்பி" என்றார். அதன் பிறகு வேலைத்தளத்தில் வளைவைப் பற்றி யாருக்கும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை, அவரே விளக்கினார்.

அடுத்தது உதைப்பு. இதில்தான் பல பேர் கவனம் விடுகிறார்கள். வளைவு சுவரை வெளியே தள்ளும். எவ்வளவு தள்ளும் என்பதற்குக் கணக்கு எளிது: ஒரு மீட்டர் அகலப் பட்டையில் மீட்டருக்கு விழும் பாரம், பெருக்கல் ஸ்பேனின் வர்க்கம், வகுத்தல் எட்டு மடங்கு உயரம். எங்கள் கூரையின் சொந்தக் கனம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2.0 கிலோநியூட்டன், மேலே ஆள் ஏறும் பாரம் 0.5, மொத்தம் 2.5. போட்டுப் பார்த்தால் ஒரு மீட்டர் நீளத்துக்கு 9.4 கிலோநியூட்டன், கிட்டத்தட்ட ஒரு டன். உயரத்தைப் பாதியாக்கி 0.6 மீட்டர் வைத்தால் உதைப்பு அப்படியே இரண்டு மடங்கு. தலைவருக்குத் தாழ்வான கூரை பிடித்திருந்தது, இந்த எண்ணைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார். ஸ்பேனில் ஐந்தில் ஒரு பங்கு உயரம் என்பது ஆரம்பிப்பவர்களுக்கு நல்ல இடம்.

இந்த உதைப்பை 3 மீட்டருக்கு ஒரு இழுகம்பியில் (இரண்டு பக்கச் சுவரையும் குறுக்கே இழுத்துப் பிடிக்கும் கம்பி) வாங்கினோம். ஒரு கம்பிக்கு 28 கிலோநியூட்டன். 16 மி.மீ. கம்பியே போதும், துருவுக்கு இடம் விட்டு 20 மி.மீ. போட்டு, கால்வனைஸ் செய்து, நடுவில் முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் வைத்தோம். இரண்டு இழுகம்பிக்கு இடையில் கூரையின் பாதத்தை ஓர உத்தரம் பிடிக்கிறது. அந்த உத்தரம் கீழ்நோக்கி வளைவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் வளையும், எனவே அதைப் படுக்கவைத்த மாதிரி நினைத்து, 300 மி.மீ. அகலத்தைப் பக்கவாட்டில் கொடுத்து, கம்பியையும் பக்க முகங்களில் வைக்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்த கம்பி கட்டுபவர் வழக்கப்படி மேலும் கீழும் கட்டப் போனார், பக்கத்தில் நின்று மாற்றிக் கட்டச் சொன்னேன். இந்த இடத்தில் நீங்களும் நேரில் நில்லுங்கள்.

செங்கல்லின் பலம் போதுமா என்ற கேள்வி வரும். பாதத்தில் விழும் அழுத்தம் செங்கல்லின் தடிமனை மட்டும் எடுத்தாலே சதுர மில்லிமீட்டருக்கு 0.2 நியூட்டனுக்கும் குறைவு. சாதாரணக் களிமண் செங்கல் சுவர் இதைப் போல பல மடங்கு தாங்கும். மெல்லிய கூரை நசுங்கி விழாது, நெளிந்து மடிந்துதான் விழும். அதைத் தடுக்க வேண்டியது தடிமனைக் கூட்டி அல்ல, நீளவாக்கில் இரண்டாவது வளைவு கொடுத்து. ஜிங்க் தகட்டுக்கு அலை கொடுத்ததும் அது விறைப்பாவதைப் போலத்தான் இதுவும். கணித மேதை காஸின் பெயரால் தியெஸ்தே காஸ் வளைவு என்று கூப்பிட்ட கூரைகளின் சூட்சுமம் இது: குறுக்கே எங்கே வெட்டினாலும் சங்கிலி வளைவு, ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் உயரம் வேறு. பாதத்தில் எல்லாம் ஒரே நேர்கோட்டில் உட்காரும், உச்சிக்குப் போகப் போக அலை பெருகும். இந்த முறையில் பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தடிமனில் 50 மீட்டர் அளவுக்கு அவர் தாண்டியிருக்கிறார்.

எங்கள் கூடத்துக்கு 3 மீட்டருக்கு ஓர் அலை, மொத்தம் நான்கு அலை. பள்ளத்தில் உயரம் 1.0 மீட்டர், மேட்டில் 1.4. சராசரி 1.2 என்பதால் மேலே சொன்ன உதைப்புக் கணக்கு பெரிதாக மாறாது. ஆனால் உச்சியில் வளையாமல் நிற்கும் விறைப்பு, அதே தடிமனுள்ள அலையில்லாத கூரையைவிட இருபத்தைந்து மடங்குக்கு மேல். ஒரு செங்கல் கூடுதலாகச் செலவில்லை என்று சொல்ல முடியாது, பரப்பு கொஞ்சம் கூடுகிறது, ஆனால் கிடைப்பது அதைவிட எவ்வளவோ அதிகம். 6 மீட்டருக்கு அலை இல்லாமலும் சமாளிக்கலாம். நான் போட்டதற்கு இன்னொரு காரணம் மழைநீர், அதைப் பின்னால் சொல்கிறேன்.

அப்படியானால் கம்பி எதற்கு? பாரம் ஒரு பக்கம் மட்டும் வரும்போது. நாலு பேர் சுத்தம் செய்யக் கூரையின் ஒரு பாதியில் ஏறி நின்றால் அழுத்தக் கோடு நகரும். 0.5 கிலோநியூட்டன் பாதிக் கூரையில் மட்டும் இருந்தால் கால் தூரத்தில் மீட்டருக்கு 0.28 கிலோநியூட்டன் மீட்டர் வளைவிசை. அலையைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், அது கொடுக்கும் இழுவை சதுர மில்லிமீட்டருக்கு 0.19, கூரையின் சொந்தக் கனம் கொடுக்கும் அழுத்தம் 0.09 நியூட்டன். மிச்சம் 0.1 இழுவை. சாந்தை நம்பி அதை விட முடியாது. எனவே இணைப்புகளில் இரண்டு திசையிலும் 6 மி.மீ. கம்பி, மேல் சாந்துக்குள் 3 மி.மீ. கம்பியில் பின்னிய மெல்லிய வலை. வழக்கமாகத் தளத்துக்குப் போடும் ஏ6 பி.ஆர்.சி. வலையை (6 மி.மீ. கம்பி வலை) இதில் போடாதீர்கள், மூலையில் நாலு விரிப்பு ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் 30 மி.மீ. சாந்தில் மூடவே இடமிருக்காது. கோவைக்குப் பக்கத்தில் தியானலிங்கத்தின் செங்கல் குவிமாடம் 22 மீட்டர் விட்டத்தில் கம்பியே இல்லாமல் நிற்கிறதே என்று ஒருவர் கேட்டார். அது குவிமாடம், தடிமனும் அதிகம், எல்லாப் பக்கமும் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். இதுபோல மெல்லிய, நீளவாக்கு வளைவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இப்போது அச்சு. என்னைக் கேட்டால் இந்தக் கூரையின் உண்மையான வரைபடம் செண்டரிங் என்கிற இந்த அச்சுதான். அதில் 5 மி.மீ. தப்பினால் கூரையில் 5 மி.மீ. தப்பும். ஓர் அலைக்கு அச்சு செய்து அதையே நான்கு முறை பயன்படுத்தினோம். 37.5 செ.மீ.க்கு ஒரு விலா (வளைவாக வெட்டிய சட்டம்), ஓர் அலைக்கு ஒன்பது விலா. அலை இருபுறமும் சமம் என்பதால் வெட்ட வேண்டிய வடிவம் ஐந்துதான்: உயரம் 1.00, 1.06, 1.20, 1.34, 1.40 மீட்டர். தச்சர் ஒவ்வொரு வடிவத்துக்கும் வேறு நிறத்தில் பெயிண்ட் அடித்து வைத்தார், அதனால் மறுபடி மாட்டும்போது குழப்பமே வரவில்லை. விலாவுக்கு மேல் மெல்லிய மரப்பட்டைகளை நீளவாக்கில் அடித்தோம். அகலமான பிளைவுட் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வளையாது.

தியெஸ்தேயின் படங்களைப் பார்த்து அச்சைச் சக்கரத்தில் உருட்டிப் போகலாம் என்று எல்லோருக்கும் ஆசை வரும். எங்கள் மாதிரி இழுகம்பி குறுக்கே போகும் கூடத்தில் அது நடக்காது. அச்சை இறக்கும் முன்பே இழுகம்பி இறுக்கப்பட்டிருக்க வேண்டும், இறுக்கிய கம்பி அச்சின் வழியை அடைத்துக்கொள்ளும். போதாததற்கு 1.4 மீட்டர் மேடு 1.0 மீட்டர் பள்ளத்தின் அடியில் நுழைந்து போக வேண்டுமானால் அச்சை 40 செ.மீ.க்கு மேல் இறக்க வேண்டும். எனவே ஆரம்பத்திலேயே அச்சை நடுத்துண்டு, இரண்டு பக்கத் துண்டு என மூன்றாகப் போல்ட் போட்டுச் செய்யுங்கள். முதலில் நடுத்துண்டை எடுப்பதால் கூரையும் உச்சியிலிருந்து பாதம் நோக்கிச் சமமாகப் பாரம் ஏற்கும். தூக்குவதற்கு ஆறு பேர் போதும்.

செங்கல் அடுக்குவதில் மேஸ்திரி அண்ணனோடு ஒரு சின்ன வாக்குவாதம். இணைப்பை மாற்றி மாற்றி வைக்காமல், இரண்டு திசையிலும் நேராக வைக்கச் சொன்னேன். "சுவர்ல இப்படி வைச்சா அப்பா கையில அடி விழும் தம்பி" என்றார். சுவருக்கு அது சரி. இங்கே கம்பி இரண்டு பக்கமும் நேராக ஓட வேண்டும், அதற்கு இணைப்பு நேராக இருக்க வேண்டும். ஒரு மீட்டர் சதுரத்துக்கு மாதிரி செய்து, கம்பி வைத்து, சாந்து நிரப்பி, மறுநாள் தூக்கிக் காட்டியதும் ஏற்றுக்கொண்டார்.

அலைக்கு ஒரு விலை உண்டு. பள்ளத்தில் வளைவின் நீளம் 6.42 மீட்டர், மேட்டில் 6.80. 38 செ.மீ. வித்தியாசம். செங்கல்லை வெட்டி வரிசையைக் கூட்டினால் கம்பி முறியும், பார்க்கவும் அசிங்கம். எங்கும் 56 வரிசை என்று வைத்துக்கொண்டு வித்தியாசத்தை இணைப்பில் பரப்பினோம். பள்ளத்தில் இணைப்பு 12 மி.மீ., மேட்டில் 19. இதேபோல் நீளவாக்கிலும் பாதத்தில் 3 மீட்டர் இருக்கும் பரப்பு உச்சியில் அலை காரணமாக 3.13 மீட்டர் ஆகிறது, அங்கே குறுக்கு இணைப்பு 16இல் தொடங்கி உச்சியில் 26 மி.மீ. வரை போகிறது. இதை வேலை தொடங்கும் முன் காகிதத்தில் முடித்துவிட வேண்டும். ஒவ்வொரு விலாவிலும் 56 கோடுகளைப் பென்சிலால் குறித்து, கோட்டில் சின்ன மரக்குச்சி ஒட்டினோம். குச்சி செங்கல்லைச் சறுக்காமல் பிடித்தது (பாதத்தில் சரிவு 35 முதல் 45 பாகை), சாந்து கீழே வழிந்து செங்கல் முகத்தை வெள்ளையாக்காமலும் காத்தது. கீழிருந்து பார்க்கும்போது அந்த இணைப்புகள் மேட்டை நோக்கி மெல்ல விரிவது தெரியும்.

களிமண் செங்கல்லையே வாங்குங்கள். சிமெண்டுக் கல் விலை குறைவு, ஆனால் காய்ந்து சுருங்கும், மெல்லிய கூரைக்கு அது விரிசல். செங்கல்லை முந்தின நாளே நனைத்து, மேல் ஈரம் உலர்ந்த பின் வைக்க வேண்டும். சாந்து சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று, கையில் உருட்டினால் நிற்கும் பதம். இரண்டு பாதத்திலிருந்தும் ஒரே நேரத்தில் இரண்டு அணி ஏற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் ஏறினால் அச்சே சாயும். கோலாலம்பூர் சாயங்கால மழை யாருக்காகவும் நிற்காது, எனவே அதிகாலையில் தொடங்கி, மதியத்துக்குள் இணைப்பை மூடி, கூரைக்கு மேலே இன்னொரு சாரத்தில் தார்ப்பாய் கட்டிவிட்டோம். தார்ப்பாய் செங்கல் மேலேயே கிடந்தால் தேங்கும் தண்ணீர் ஒரு பக்கம் பாரமாகிவிடும்.

தியெஸ்தேயின் ஆட்கள் பழகியவர்கள், அச்சை ஒரு நாளில் இறக்கினார்கள். பழகாத நாம் மூன்று நாளாவது விடலாம், ஈரச் சாக்கும் போடலாம். இறக்கும்போது டர்ன்பக்கிளை இறுக்கி, கம்பியைத் தட்டிப் பார்த்து, ஆப்புகளை இரண்டு பக்கமும் ஒரே அளவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினோம். முதல் அலை உச்சியில் 4 மி.மீ. இறங்கி நின்றது. ஒவ்வொரு அலையிலும் இந்த அளவை எழுதி வையுங்கள், ஒன்றில் மட்டும் திடீரென்று கூடினால் இழுகம்பி தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அனுமதி வாங்கும்போது இந்த மாதிரிக் கூரைக்குத் தனி அத்தியாயம் விதிப்புத்தகத்தில் இல்லை என்ற பேச்சு வரத்தான் செய்யும். செங்கல் கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதியான யூரோகோட் 6 கணக்கோடு பாரச் சோதனை செய்வதாகவும் எழுதிக் கொடுத்தோம். கூரையின் ஒரு பாதியில் மட்டும் 50 கிலோ சிமெண்ட் மூட்டை 36 அடுக்கி, அடியில் அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்துப் பார்த்தபோது அசைவு 1 மி.மீ. கூட இல்லை. இரண்டு பக்கமும் சமமாக அடுக்கிச் செய்யும் சோதனையால் பயனில்லை, அது வளைவுக்கு மிகவும் வசதியான பாரம். காற்றுக்கும் பயமில்லை: இங்கே கணக்கில் எடுக்கும் வினாடிக்கு 33.5 மீட்டர் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 0.7 கிலோநியூட்டன் அளவு, கூரையின் கனமோ 2.0.

மழைநீருக்கு வருகிறேன். பள்ளம் என்று நான் சொல்வதும் நடுவில் ஒரு மீட்டர் உயர்ந்த வளைவுதான், எனவே அதில் விழும் தண்ணீர் தானாகவே இரண்டு பக்கச் சுவருக்கும் ஓடிவிடும். மணிக்கு 200 மி.மீ. வேகத்தில் கொட்டினாலும் ஒரு பக்கத்துக்கு வினாடிக்கு 2 லிட்டர். ஆனால் அது அலைக்கு ஒரு இடமாகச் சேர்ந்து விழுகிறது, அதனால் வாய்க்காலை அந்தப் பள்ளங்களுக்கு நேரே அகலமாக்கி, குழாயையும் அங்கேயே இறக்குங்கள். மேலே வெள்ளை நிறத்தில் நெகிழும் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தோம், வெயிலும் குறையும், விரிசலும் மூடும். அதைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும் என்பதைக் கோயில் பராமரிப்புக் கணக்கிலேயே எழுதச் செய்தேன். இழுகம்பியின் முனைகளையும் அப்போதே பார்க்க வேண்டும், துரு முதலில் அங்கேதான் தொடங்கும். உள்ளே செங்கல்லில் முதல் சில மாதம் வெள்ளையாக உப்புப் பூத்தால் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துவிடுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி செங்கல்லுக்குள்ளேயே போய்த் திரும்பி வரும்.